புளோரிடா 2014: முன்னாள் ஆளுநர் இந்நாள் ஆளுநரிடம் தோற்றது ஏன்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2014 புளோரிடா ஆளுநர் தேர்தலில் பதவியில் இருந்த குடியரசுக் கட்சியின் ரிக் ஸ்காட் மேல் மக்களுக்குப் பெரிய அபிமானம் இல்லை. எதிரில் ஜனநாயகக் கட்சி சார்பில் நின்ற சார்லி கிறிஸ்ட்டோ ஏற்கெனவே அந்த மாநிலத்தை ஆண்டவர், ஊரறிந்த முகம். அப்படியிருந்தும் எப்படித் தோற்றார், விவாத மேடையில் அவர் வைத்த மின்விசிறிதான் கவிழ்த்ததா, முன்னாள் ஆளுநர் திரும்பி வருவது அமெரிக்காவில் நடக்காத காரியமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆட்சி மேல் அதிருப்தி இருக்கும்போது, முன்பு ஆண்ட ஒருவரையே எதிரில் நிறுத்துவது எதிர்க்கட்சிக்கு லாபமா, நஷ்டமா?

அமெரிக்க மாநில அரசியலைப் பல ஆண்டுகளாகப் பாடமாக நடத்தி வருகிறேன். என் அபிப்பிராயத்தை முன்னாடியே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் நஷ்டம். ஆனால் அதற்குச் சில விலக்குகள் உண்டு, அவைதான் இதில் சுவாரசியமான பகுதி. (அமெரிக்க ஆளுநர் நம் ராஜ்பவன் ஆளுநர் போல நியமிக்கப்படுபவர் இல்லை. மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், மாநில நிர்வாகம் அவர் கையில். ஏறக்குறைய நம் முதல்வர் என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.)

சந்தேகத்துக்கு இடமில்லாதவற்றை முதலில் பார்ப்போம். ஸ்காட் வாங்கியது 28,65,343 ஓட்டு, அதாவது 48.1 சதவீதம். கிறிஸ்ட் வாங்கியது 28,01,198, அதாவது 47.1 சதவீதம். வித்தியாசம் 64,145. அரசின் தலையீடு குறைய வேண்டும் என்னும் சிறிய கட்சியான லிபர்டேரியன் கட்சியின் ஏட்ரியன் வைலி 2,23,356 ஓட்டுகளைப் பிரித்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன், 2010இல், ஸ்காட் ஜனநாயகக் கட்சியின் அலெக்ஸ் சிங்கைத் தோற்கடித்த வித்தியாசமும் 61,550தான். இரண்டு முறையும் அவர் பாதிக்கும் குறைவான ஓட்டில் ஜெயித்தவர். இரண்டு முறையும் வித்தியாசம் ஒரு சதவீதத்தைச் சுற்றியே இருந்தது. ஆகவே “கிறிஸ்ட் படுதோல்வி அடைந்தார்” என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். கைக்கெட்டியது நழுவிப் போன தேர்தல் அது. இவ்வளவு நெருக்கமான முடிவுக்கு ஒரே காரணம் சொல்பவர் யாராக இருந்தாலும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள், நான் உட்பட.

கிறிஸ்ட்டின் கதை தெரியாமல் இந்தத் தேர்தல் புரியாது. அவர் 2006இல் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்று 52 சதவீத ஓட்டில் ஆளுநரானவர். பழகுவதற்கு இனிமையானவர், அந்தக் கட்சியின் மிதவாத முகம். 2009 பிப்ரவரியில், பொருளாதாரம் சரிந்து கிடந்த நேரத்தில், ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி ஒபாமா தன் ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு ஆதரவு தேடி ஃபோர்ட் மயர்ஸ் நகருக்கு வந்தார். மேடையில் கிறிஸ்ட் அவரைத் தழுவி வரவேற்றார். ஒரு நொடித் தழுவல், அவ்வளவுதான். அந்தப் படம் அவரைச் சொந்தக் கட்சியில் நிம்மதியாக இருக்கவிடவில்லை. 2010இல் அவர் இரண்டாம் முறை ஆளுநராக நிற்காமல் அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்குப் போட்டியிட்டார். கட்சிக்குள் மார்கோ ரூபியோ முந்திவிட, கட்சியை விட்டு விலகிச் சுயேச்சையாக நின்று கிட்டத்தட்ட 30 சதவீத ஓட்டு வாங்கித் தோற்றார். 2012 டிசம்பரில் ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். இரண்டே ஆண்டில் அந்தக் கட்சியின் ஆளுநர் வேட்பாளர். ஒரே மாநிலம், ஒரே நாற்காலி, ஆனால் எதிர் முகாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர் ஆளுநர் பதவியில் தோற்று வெளியேறியவர் இல்லை. மக்கள் விரட்டவும் இல்லை, ஆசீர்வதித்து வழியனுப்பவும் இல்லை. இன்னொரு நாற்காலிக்கு ஆசைப்பட்டு இதை விட்டுவிட்டுப் போனவர். “அப்போது எங்களை விட்டுப் போனாயே” என்ற எளிய கேள்விக்கு அவரிடம் கடைசி வரை நல்ல பதில் இல்லை என்பது என் எண்ணம்.

ஸ்காட் வேறு ரகம். அரசியலுக்கு வெளியிலிருந்து வந்த பணக்காரர். கொலம்பியா எச்.சி.ஏ என்ற மருத்துவமனை நிறுவனத்தை நடத்தியவர். அவர் 1997இல் விலகிய பிறகு, அரசுக் காப்பீட்டில் நடந்த முறைகேடுகளுக்காக அந்த நிறுவனம் மொத்தம் 170 கோடி டாலர் அளவுக்குக் கட்ட வேண்டி வந்தது. அவர் மேல் தனிப்பட்ட முறையில் வழக்கு எதுவும் போடப்படவில்லை. மேடைப் பேச்சு வராது, சிரிப்பு ஒட்டாது. 2013இல் வந்த கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலும் கிறிஸ்ட்தான் முன்னணி. ஆனால் ஸ்காட்டிடம் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று பணம். தேர்தல் நெருங்கும் நேரத்தில் மட்டும் சொந்தக் காசு 1.28 கோடி டாலரை இறக்கினார். இரு தரப்பும் தொலைக்காட்சி விளம்பரத்துக்குக் கொட்டியது சேர்ந்து 10 கோடி டாலரைத் தாண்டியது, அதில் பெரும்பங்கு அவர் பக்கம். இன்னொன்று வேலைவாய்ப்பு எண்கள். அதற்குக் கீழே வருகிறேன்.

சரி, மின்விசிறி. 2014 அக்டோபர் 15, டேவி ஊரில் உள்ள பிரவர்ட் கல்லூரி. கிறிஸ்ட்டுக்கு மேடையில் வியர்க்கும், அதனால் எங்கே போனாலும் காலடியில் ஒரு சின்ன விசிறி வைத்துக்கொள்வது அவர் பல ஆண்டுப் பழக்கம். விவாத விதிகளில் மின்சாரச் சாதனம் கூடாது என்று இருப்பதாக ஸ்காட் தரப்பு ஆட்சேபித்தது. நேரலை ஓடிக்கொண்டிருக்க, ஸ்காட் சில நிமிடங்கள் மேடைக்கே வரவில்லை. கிறிஸ்ட் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தார். நாடே சிரித்தது. ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் விடுவதில்லை. ஆனால் சிரிப்பில் அதிகம் அடிபட்டவர் வராமல் நின்ற ஸ்காட்தான், விசிறி வைத்தவர் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் வந்த கருத்துக்கணிப்புகள் ஏறக்குறைய சமநிலையிலேயே நின்றன. விசிறியால் கிறிஸ்ட் தோற்றார் என்பதற்கு ஆதாரம் இல்லை. விசிறியால் அவருக்கு ஓட்டு கூடியது என்பதற்கும் இல்லை.

ஆதாரம் இருப்பது வேறோர் இடத்தில். 2012 ஜனாதிபதித் தேர்தலில் புளோரிடாவில் சுமார் 84 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள், ஒபாமா அங்கே மெல்லிய வித்தியாசத்தில் ஜெயித்தார். 2014இல் வந்தவர்கள் சுமார் 59 லட்சம். வராத 25 லட்சம் பேரும் ஒரே கட்சிக்காரர்கள் இல்லைதான். ஆனால் ஜனாதிபதித் தேர்தல் இல்லாத ஆண்டுகளில் இளைஞர்கள், கறுப்பின மக்கள், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் வருவது அந்நாட்களில் அதிகமாகக் குறையும் என்பது திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். ஜனநாயகக் கட்சியின் கோட்டையான பிரவர்ட், மயாமி-டேட் கவுன்ட்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) வாக்குப்பதிவு மாநிலச் சராசரியைவிடக் குறைந்தது. பிரவர்டில் ஓட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் கிறிஸ்ட்டுக்குப் போட்டார்கள். வந்தவர்கள் போட்டார்கள், வர வேண்டியவர்கள் வரவில்லை.

அதே வாக்குச்சீட்டில் மருத்துவக் கஞ்சாவை அனுமதிக்கும் மாநில அரசியல் சட்டத் திருத்தமும் இருந்தது. இளைஞர்களை வாக்குச்சாவடிக்கு இழுக்கும் என்று கிறிஸ்ட் பக்கம் எதிர்பார்த்த சங்கதி அது. அதற்கு முன்னின்று பணம் போட்ட வழக்கறிஞரின் நிறுவனத்தில்தான் கிறிஸ்ட்டும் வேலை பார்த்து வந்தார். திருத்தத்துக்குக் கிடைத்தது 57.6 சதவீதம், 33 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு. தேவை 60 சதவீதம் என்பதால் அது தோற்றது. வேடிக்கை என்னவென்றால், தோற்றுப்போன அந்தத் திருத்தம் ஜெயித்த ஆளுநரைவிட நான்கைந்து லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியது. திருத்தத்துக்கு “ஆம்” போட்டுவிட்டு கிறிஸ்ட்டைத் தாண்டிப் போனவர்கள் பல லட்சம் பேர்.

ஏன் தாண்டிப் போனார்கள்? முன்னாள் ஆளுநர் என்ற தகுதி பாரமாக மாறியது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஆட்சியில் இருப்பவர் மேல் கோபம் இருக்கும்போது எதிரே புதியவர் நின்றால், தேர்தல் முழுக்க ஆட்சியைப் பற்றியதாகிவிடும். எதிரே பழையவர் நின்றால் ஒப்பீடு வந்துவிடும், “இவர் மோசம், அவர் மட்டும் என்ன கிழித்தார்?” என்று. கிறிஸ்ட் ஆண்டது 2007 முதல் 2011 தொடக்கம் வரை. அமெரிக்க வீட்டுமனைச் சந்தை இடிந்து விழுந்த காலம், அதில் புளோரிடா முதல் வரிசையில் அடிபட்ட மாநிலம். அவர் பதவியேற்றபோது 4 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த வேலையின்மை, விட்டுப்போனபோது 11 சதவீதத்தை ஒட்டி நின்றது. ஸ்காட் காலத்தில் அது 6 சதவீத அளவுக்கு இறங்கியது. “அவர் காலத்தில் வேலை போனது, என் காலத்தில் வேலை வந்தது” என்று ஸ்காட் விளம்பரம் செய்தால் அதில் பொய்யான எண் ஏதுமில்லை. காரணம் மட்டும்தான் தப்பு. சரிவுக்குக் கிறிஸ்ட்டும் காரணமில்லை, ஏற்றத்துக்கு ஸ்காட் மட்டும் காரணமில்லை, நாடு முழுக்க அப்படித்தான் இறங்கி ஏறியது. ஆனால் அரை நிமிட விளம்பரத்தில் அதை எப்படி விளக்குவது? புதிய வேட்பாளர் ஒருவர் நின்றிருந்தால் அந்த விளம்பரத்தையே எடுத்திருக்க முடியாது.

போதாததற்குக் கட்சி மாற்றம். தொண்ணூறுகளில் சிறைக் கைதிகளைச் சங்கிலியில் பிணைத்து வேலை வாங்குவதை ஆதரித்துப் பட்டப்பெயர் வாங்கியவர், 2008இல் ஒருபால் திருமணத் தடைத் திருத்தத்தை ஆதரித்தவர், 2014இல் இந்த விஷயங்களில் எல்லாம் ஜனநாயகக் கட்சியின் குரலில் பேசினார். திருமணத் தடையை ஆதரித்ததற்கு வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். அவரைத் தாக்க ஸ்காட் தரப்பு புதிதாக எதையும் தேட வேண்டியிருக்கவில்லை, அவருடைய பழைய காணொளிகளே போதும். உட்கட்சித் தேர்தலில் அதிகம் செலவு செய்யாத நேன் ரிச் (Nan Rich) என்ற வேட்பாளருக்கு ஜனநாயகக் கட்சிக்காரர்களில் நாலில் ஒருவர் ஓட்டுப் போட்டதே ஓர் அறிகுறி. ஆனால் நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆளுநராக இருந்தபோது கிறிஸ்ட் செய்த சில காரியங்கள் புதிய கட்சிக்கும் பொருந்தின. 2007இல் தண்டனை முடித்தவர்களுக்கு வாக்குரிமையைத் திருப்பித் தரும் நடைமுறையை எளிதாக்கினார், அதனால் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் உரிமை திரும்பக் கிடைத்தது. ஸ்காட் வந்து 2011இல் அதைத் திரும்ப இறுக்கினார். 2010இல் ஆசிரியர் சம்பளத்தை மாணவர் மதிப்பெண்ணோடு கட்டும் மசோதாவைக் கிறிஸ்ட் வீட்டோ செய்தார். அதே மாதிரியான மசோதாவை ஸ்காட் வந்ததும் கையெழுத்திட்டார். ஆக, பழைய பதிவு முழுக்கச் சுமை என்று சொல்ல முடியாது.

2014 குடியரசுக் கட்சிக்கு அலை வீசிய ஆண்டு, அதனால் கிறிஸ்ட் என்ன, யார் நின்றாலும் தோற்றிருப்பார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதில் பாதி உண்மை. அந்த ஆண்டு மேரிலாந்து, மாசசூசெட்ஸ், இல்லினாய் போன்ற ஜனநாயகக் கட்சி மாநிலங்களில்கூடக் குடியரசுக் கட்சி ஆளுநர்கள் ஜெயித்தார்கள். ஆனால் அதே நாளில் பென்சில்வேனியாவில் குடியரசுக் கட்சியின் டாம் கார்பெட், பதவியில் இருந்துகொண்டே, சுமார் 10 சதவீத வித்தியாசத்தில் தோற்றார். தோற்கடித்த டாம் வுல்ஃப் அதற்கு முன் எந்தத் தேர்தலிலும் ஜெயித்துப் பதவி வகித்தவர் இல்லை. தாக்குவதற்கு அவருக்குப் பழைய ஆட்சி என்று எதுவும் இல்லை. இரண்டு மாநிலமும் ஒன்றில்லை, கார்பெட்டின் பள்ளி நிதிச் சிக்கல் தனிக்கதை. இந்த ஜோடியை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் என் வாதத்துக்குக் கிடைக்கிற சிறந்த ஒப்பீடு இதுதான்.

வைலியின் இரண்டு லட்சத்துச் சொச்சம் ஓட்டைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. அது வித்தியாசத்தைப்போல் மூன்று மடங்கு. அவர் இல்லாவிட்டால் கிறிஸ்ட் ஜெயித்திருப்பார் என்று சொல்லலாமா? முடியாது. லிபர்டேரியன் ஓட்டு இரு பக்கமிருந்தும் வரும், பலர் அவர் இல்லாவிட்டால் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். ரகசிய வாக்கெடுப்பில் இதற்கு உறுதியான விடை யாரிடமும் கிடையாது.

இனி முன்னாள் ஆளுநர்கள் திரும்பி வந்ததுண்டா என்ற கேள்வி. உண்டு, பிரபலமானவர் பில் கிளின்டன். 1978இல் 32 வயதில் ஆர்கன்சா ஆளுநராகத் தேர்வானார். அப்போது அங்கே பதவிக்காலம் இரண்டே ஆண்டு. சாலைக்குப் பணம் திரட்ட வாகனப் பதிவுக் கட்டணத்தை ஏற்றினார், கிராமத்து ஜனங்கள் கொதித்தார்கள். அதோடு கார்ட்டர் அரசு ஃபோர்ட் சாஃபியில் தங்கவைத்த கியூப அகதிகள் 1980இல் கலவரம் செய்தார்கள். அந்த ஆண்டே ஃபிராங்க் வைட்டிடம் தோற்றார். 1982இல் திரும்ப நின்றபோது அவர் செய்த முதல் வேலை, தொலைக்காட்சியில் வந்து மன்னிப்புக் கேட்டது. சின்ன வயதில் ஒரே தப்புக்கு அப்பா என்னை இரண்டாம் முறை அடிக்க வேண்டி வந்ததில்லை என்ற பொருளில் பேசினார். அவர் பழைய பதிவை மறைக்கப் பார்க்கவில்லை, தானே எடுத்து முன்னால் வைத்தார். அதன் பிறகு எதிரி அதைத் தோண்டி எடுப்பதில் சுவை இல்லை. ஃபிராங்க் வைட்டும் உதவினார். பள்ளியில் பரிணாமத்துக்குச் சமமாகப் படைப்புக் கொள்கையையும் நடத்த வேண்டும் என்ற மசோதாவைப் படிக்காமலே கையெழுத்திட்டதாக ஒப்புக்கொண்டு கேலிச்சித்திரக்காரர்களுக்குத் தீனி போட்டார். 1982 ஜனவரியில் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கியெறிந்தது. நாட்டில் பொருளாதார மந்தம், ஜனாதிபதி குடியரசுக் கட்சிக்காரர். கிளின்டன் கிட்டத்தட்ட 55 சதவீதத்தில் ஜெயித்தார். அப்புறம் 1986இல் அதே வைட், இம்முறை முன்னாள் ஆளுநராக, கிளின்டனை எதிர்த்து நின்று பெரிய வித்தியாசத்தில் தோற்றார். 2014இல் கிறிஸ்ட்டுக்காகப் புளோரிடாவில் மேடையேறியவர்களில் கிளின்டனும் ஒருவர். அந்த மன்னிப்பு வித்தையை அவர் சொல்லிக்கொடுத்தாரோ என்னவோ, கிறிஸ்ட்டிடம் அது எடுபடவில்லை.

இன்னொருவர் அயோவாவின் டெர்ரி பிரான்ஸ்டாட், குடியரசுக் கட்சிக்காரர். 1983 முதல் 1999 வரை ஆண்டுவிட்டுத் தானாக ஒதுங்கினார். பிறகு ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தார். 2010இல் பதவியில் இருந்த செட் கல்வருக்குப் பட்ஜெட் வெட்டு, திரைப்பட வரிச்சலுகை ஊழல் என்று அடிமேல் அடி. பிரான்ஸ்டாட் 53க்கு 43 என்று சுலபமாக ஜெயித்தார். அவர் தோற்று வெளியேறவில்லை, வேறு பதவிக்கும் தாவவில்லை. பதினொரு ஆண்டு இடைவெளியில் கசப்புகள் ஆறி, பழைய பெயர் மட்டும் மிஞ்சியது. நாட்டு அலையும் அவர் கட்சிப் பக்கம்.

தோற்றவர்கள் பட்டியலில் மேரிலாந்தின் பாப் எர்லிக். 2006இல் மார்ட்டின் ஓ'மாலியிடம் பதவியை இழந்து, 2010இல் அவரையே எதிர்த்து நின்றார். அது குடியரசுக் கட்சிக்குப் பிரமாதமான ஆண்டு. ஆனாலும் முதல் முறையைவிட அதிகமாக, 14 சதவீதம் பின்தங்கினார். அதே இரண்டு பேர், அதே கேள்வி, மக்கள் பதிலை மாற்ற எந்தக் காரணமும் அவர் தரவில்லை. மேய்ன் மாநிலத்தின் பால் லெபாஜும் அப்படித்தான். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் கூடாது என்ற விதியால் 2019இல் இறங்கினார், புளோரிடாவுக்குக் குடிபோனார், திரும்பி வந்து 2022இல் ஜேனட் மில்ஸை எதிர்த்தார். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் விரிவாக்கத்துக்கு மக்களே ஓட்டுப் போட்ட பிறகும் அவர் தடுத்ததையும், பதவியேற்றதும் மில்ஸ் அதை நடைமுறைப்படுத்தியதையும் யாரும் மறக்கவில்லை. 56க்கு 42 என்று தோற்றார். 2010இல் பலமுனைப் போட்டியில் 38 சதவீதத்துக்கும் குறைவான ஓட்டில் முதலில் ஜெயித்தவர் அவர் என்பதை நினைத்துப் பார்த்தால் இது பெரிய ஆச்சரியமில்லை.

இதிலிருந்து விதி எதையாவது எழுதலாமா? ஐந்தாறு தேர்தலை வைத்துக்கொண்டு விதி எழுதினால் என் மாணவர்களே சிரிப்பார்கள். ஆனால் திரும்பி வந்த இருவருக்கும் பொதுவாக மூன்று விஷயம் இருந்தது: நாட்டுக் காற்று அவர்கள் பக்கம் வீசியது, எதிரி தானாக இடறியிருந்தார், பழைய ஆட்சி மேலிருந்த கசப்பை மன்னிப்போ காலமோ தீர்த்திருந்தது. கிறிஸ்ட்டுக்கு இரண்டாவது மட்டும் கொஞ்சம் இருந்தது. காற்று எதிரே, பழைய கணக்கு தீர்ந்திருக்கவில்லை. அப்படி இருந்தும் ஒரு சதவீதத்தில் தோற்றார் என்றால், ஸ்காட் எவ்வளவு பலவீனமாக இருந்தார் என்பதைத்தான் அது காட்டுகிறது. அவர் 2018இல் செனட்டுக்கு நின்றபோதும் பில் நெல்சனை வெறும் 10,033 ஓட்டில்தான் வென்றார், அதுவும் மறு எண்ணிக்கைக்குப் பிறகு.

கிறிஸ்ட் 2016இல் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைக்குத் தேர்வானார். 2022இல் மறுபடியும் முன்னாள் ஆளுநராக, இந்த முறை ரான் டிசான்டிஸை எதிர்த்து நின்றார். 19 சதவீதத்தில் தோற்றார், மயாமி-டேட்கூட டிசான்டிஸ் பக்கம் போனது. இந்த இரண்டாவது தோல்வியை முதலாவதோடு சேர்த்து “கிறிஸ்ட் ராசியில்லாதவர்” என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. 2022க்குள் புளோரிடாவே மாறிவிட்டது, பதிவு செய்த வாக்காளர்களில் குடியரசுக் கட்சிக்காரர்கள் எண்ணிக்கையில் முந்திவிட்டார்கள், டிசான்டிஸுக்கு ஸ்காட்டைப் போல் அதிருப்திப் பிரச்சினையும் இல்லை. அந்த ஆண்டு அங்கே ஜனநாயகக் கட்சி யாரை நிறுத்தியிருந்தாலும் கரை சேர்ந்திருக்காது. 2014இல் அலெக்ஸ் சிங்கையே மறுபடி நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேண்டுமானால் விவாதிக்கத் தகுந்தது.